பாஸ்வேர்ட் கேட்டா வைரஸ் வராதாமே! யாருவே கெளப்பிவிட்டது?

குறிச்சிக்காரன்:
பக்கத்து இழையில ஒருத்தரு எழுதிருக்காரு: "விண்டோஸ் 10 ஆயுசு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுட்டு. அதுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்ங்கற இலவச ஓஎஸ் போட்டுக்கிடுங்க. எதத் தொட்டாலும் பாஸ்வேர்ட் கேக்கும், அதனால வைரஸே வராது." அதுக்குக் கீழ "சூப்பர் அண்ணாச்சி"ன்னு கைதட்டு வேற. பத்திக்கிட்டு வருது எனக்கு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல களவாணி தேடுதது என்னது? பேங்க் லாகின், மெயில், பிள்ளைய போட்டோ, ஆதார் ஸ்கேன். அம்புட்டும் நம்ம சொந்த ஃபைல் கெடக்குத ஹோம் ஃபோல்டர்லதான் கெடக்கு. அத எடுக்க எந்தப் பாஸ்வேர்டவே கேக்கும்? இதுக்குப் பதில் சொல்லிட்டு மத்தது பேசுங்க.

பொதிகைப் பென்குவின்:
எழுதுனது நான்தான். பேரச் சொல்லியே கேக்கலாம். விண்டோஸ்ல முதல்ல உண்டாக்குத அக்கவுண்ட்டே அட்மின். ஏதாவது இன்ஸ்டால் பண்ணப் போனா திரை மங்கும், "யெஸ்" அமுக்குனா சோலி முடிஞ்சுது. லினக்ஸ்ல பாஸ்வேர்ட் அடிக்கணும். அதுபோக, நெட்ல இருந்து இறக்குன ஃபைலுக்கு ஓடுத அனுமதியே கெடையாது, நாமளா ப்ராப்பர்ட்டீஸ்ல போயி டிக் போடணும். சாஃப்ட்வேர் மேனேஜர்ல எடுக்குதது கையெழுத்து சரிபாத்துத்தான் இறங்கும். கூகுள்ல மேல வார விளம்பரத்த அமுக்கி எக்ஸி ஃபைல் இறக்குத கூத்து இங்க இல்ல.

குறிச்சிக்காரன்:
ஓடுததுக்கு முன்னால உள்ள கதைய நான் கேக்கல, ஓடுன பொறவு என்னன்னு கேட்டேன். கூடவே வாரும். ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைல் ஃபோல்டர்ல லாகின்ஸ் டாட் ஜேசன்னு ஒண்ணு, கீ4 டாட் டிபின்னு ஒண்ணு. ப்ரைமரி பாஸ்வேர்ட் வைக்கலன்னா, இந்த ரெண்டையும் காப்பி அடிச்சவன் வேற மிஷின்ல வச்சு நீரு சேமிச்ச லாகின் பூராவும் படிச்சிருவான். ரூட் (எதையும் மாத்துத தலைமை உரிமை) கேக்குமா? கேக்காது. தெனமும் லாகின் பண்ணும்போது தானா ஓடணுமா? ஹோம்ல மறைஞ்சு கெடக்குத கான்ஃபிக் ஃபோல்டருக்குள்ள ஆட்டோஸ்டார்ட்ல ஒரு டெஸ்க்டாப் ஃபைல் போதும். அதுக்கும் கேக்காது. கடைசியில ஒம்ம அருமைப் பாஸ்வேர்டே வேணும்னா, டெர்மினல் தெறக்கும்போது ஓடுத பேஷ்ஆர்சி ஃபைல்ல, சூடோங்கற (பாஸ்வேர்ட் வாங்கி ரூட்டா ஓட்டுத கமாண்ட்) பேருக்குப் போலியா ஒரு ஏலியாஸ் (மாத்துப் பேரு), ஒரே வரி. அடுத்த தடவ டெர்மினல்ல அப்டேட் போடும்போது நீரே அடிச்சுக் குடுப்பீரு. எக்ஸ்11-ல (திரையையும் கீபோர்டையும் கவனிக்குத பழைய மென்பொருள்) ஓடுத டெஸ்க்டாப்னா அதுகூட வேண்டாம், ஒரு புரோகிராம்ல அடிக்குத எழுத்த இன்னொரு புரோகிராம் கேட்டுக்கிட்டே இருக்கலாம். அதுக்குப் பதிலா வந்த வேலண்ட்லதான் அந்த ஓட்டைய அடைச்சாவ. ஒம்ம மின்ட்டோட சினமன் டெஸ்க்டாப் வழக்கமா எதுல தெறக்கும்னு போயி பாரும்.

பாஸ்வேர்ட் கேக்குமாம்!

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
ரெண்டு பேரும் ஆகாசத்துல சண்ட போடுதிய. வீட்டு மிஷினுக்கு வைரஸ் வார வாசலே, காசு குடுக்காம விண்டோஸ ஓட்டுத கள்ள ஆக்டிவேட்டர்தான். ஜிப்ப பாஸ்வேர்ட் போட்டு அனுப்புவான், ஆன்டிவைரஸ் உள்ள எட்டிப் பாக்கக் கூடாதுன்னு. கூடவே ஒரு நோட்பேட் ஃபைல், "முதல்ல டிஃபெண்டர (விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ்) நிறுத்து"ன்னு. ஓட்டுனவொடனே சி டிரைவ் மொத்தத்தையும் டிஃபெண்டர் ஸ்கேன் பண்ணாத விலக்குப் பட்டியல்ல சேத்துரும். பொறவு டிஃபெண்டர் பச்சை டிக்கோட சும்மா உக்காந்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், ஆக அடியில எக்ஸ்க்ளூஷன்ஸ். நீங்க போடாதது அங்க எது இருந்தாலும் தூக்குங்க.

அடுத்தது ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டு வார பென்டிரைவ். ஃபோல்டர் எல்லாம் மறைஞ்சு, அதே பேருல ஷார்ட்கட் நிக்கும். அத டபுள் கிளிக் பண்ணாதிய, பண்ணா உங்க மிஷினுக்கும் ஏறிரும். முதல்ல ஸ்கேன், அப்புறம் அட்ரிப் கமாண்டுல எச், ஆர், எஸ் (மறை, படிக்க மட்டும், சிஸ்டம்) மூணையும் கழிச்சா ஃபோல்டர் வெளிய வந்துரும். அவசரப்பட்டு ஃபார்மட் அடிக்காதிய, ஃபைல் எங்கயும் போவல.

குறிச்சிக்காரன்:
பாத்தீரா பென்குவின்? அங்க வைரஸே பாஸ்வேர்ட் போட்டுத்தான் வருது.

பொதிகைப் பென்குவின்:
சர்வீஸ் அண்ணாச்சி, இம்புட்டு விவரம் சொல்லுதியளே, ஜங்ஷன் பக்கம் 500 ரூவாய்க்கு விண்டோஸ் போட்டுத் தார கடையில எல்லாம் எந்த ஆக்டிவேட்டர் போடுதாவ? தெரிஞ்சிக்கிடத்தான் கேக்கேன்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
நான் பில்லோட லைசென்ஸ் கீ குடுக்கேன். வார்த்தைய அளந்து பேசும்.

அம்பை ஆப்பிள்:
இந்தப் பஞ்சாயத்தே வேண்டாம்னுதான் மேக். 2015-ல இருந்து சிஸ்டம் ஃபோல்டர்ல ரூட்டே கை வைக்க முடியாது. அறியாத ஆப்ப ரைட் கிளிக் பண்ணித் தெறக்குத குறுக்கு வழியையும் செகோயாங்கற மேக்ஓஎஸ் பதிப்புல எடுத்துட்டாவ. இப்போ செட்டிங்ஸுக்குள்ள போயி அனுமதி குடுத்தாத்தான் ஓடும். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டரத் தொடணும்னாகூட ஆப் நம்மகிட்ட கேக்கணும். குறிச்சி அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

குறிச்சிக்காரன்:
வந்துட்டாரு ஜமீன்தாரு. 2012-ல ஃபிளாஷ்பேக்ங்கற கள்ள புரோகிராம் ஆறு லட்சம் மேக்குக்கிட்ட பிடிச்சுதே, ஞாபகம் இருக்கா? ஜாவா ஓட்டைய ஆரக்கிள் பிப்ரவரியில அடைச்சுட்டு, ஆப்பிள் ஏப்ரல் வரைக்கும் தூங்குச்சு. 2017 நவம்பர்ல மேக்ஓஎஸ் ஹை சியராவுல யூசர் பேரு "ரூட்", பாஸ்வேர்ட் காலி, ரெண்டு மூணு தடவ அமுக்குனா ராசா மாதிரி உள்ள போலாம். பாஸ்வேர்டே கேக்காத ரூட்! இப்போ கள்ள ஆப் எல்லாம் பாஸ்வேர்ட் பெட்டி மாதிரியே ஒரு போலிப் பெட்டியக் காட்டி வாங்கிக்கிடுது. ஆக மேக்லயும் பாஸ்வேர்ட் கேக்கு. யாரு கேக்கான்னுதான் தெரியாது.

அம்பை ஆப்பிள்:
2012, 2017ன்னு பஞ்சாங்கம் வாசிக்காதிய. விண்டோஸ் மிஷின் ஃபைல பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை யாரு வீட்டுச் சரக்கு?

குறிச்சிக்காரன்:
அதுக்கு 2017 மார்ச்சுலயே பேட்ச் வந்துட்டு, தாக்குனது மே மாசம். ரெண்டு மாசம் அப்டேட் போடாதவன் தப்புக்கு ஓஎஸ் என்னய்யா செய்யும்?

பாளை செல்வி:
யாராவது முதலில் "பாதுகாப்பு" என்றால் யாரிடமிருந்து என்று சொல்லுங்களேன். லேப்டாப்பைப் பஸ்ஸில் தவறவிட்டால் ஒரு கதை, கள்ள ஃபைலை நாமே ஓட்டினால் வேறு கதை. முதல் கதைக்கு நீங்கள் அடித்துக்கொள்ளும் எந்தப் பாஸ்வேர்டும் உதவாது. வேறு ஓஎஸ் உள்ள லைவ் பென்டிரைவில் பூட் செய்தால் டிஸ்க் அப்படியே திறக்கும். மின்ட் நிறுவும்போது "அட்வான்ஸ்ட் ஃபீச்சர்ஸ்" உள்ளே போய் டிஸ்க்கைப் பூட்டும் என்க்ரிப்ஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு சேர்க்க நினைத்தால் பெரும்பாலும் பேக்கப் எடுத்துத் திரும்ப நிறுவ வேண்டிவரும். விண்டோஸ் 11 24எச்2-வைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், பல மிஷின்களில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. 48 இலக்க மீட்பு எண் அந்த அக்கவுண்ட்டில் இருக்கும். அந்த மெயில் ஐடியை மறந்துவிட்டு பயாஸில் (மிஷின் தொடங்கும் அமைப்பில்) கை வைத்தால், அந்த எண்ணைக் கேட்கும்; போட்டோ போனதுதான். இன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதிவையுங்கள்.

பொதிகைப் பென்குவின்:
செல்வியக்கா சொல்லுதது சரி, ஆனா அது வேற விஷயம். இங்க பேச்சு பாஸ்வேர்ட் பத்தி.

குறிச்சிக்காரன்:
ஆமா அக்கா, வேற விஷயம். பாஸ்வேர்டுக்கு வாங்க.

விண்டோஸ்ல பாஸ்வேர்ட் கேக்காதுன்னாரே, அதுவும் பொய். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ்ல இன்னொரு அட்மின் உண்டாக்கி, நீரு தெனமும் பொழங்குத அக்கவுண்ட்ட ஸ்டாண்டர்டா மாத்தும். அங்கயும் அட்மின் பாஸ்வேர்ட் கேக்கும். இல்ல, அட்மினாத்தான் இருப்பேன்னா யுஏசி (திரை மங்கிக் கேக்குதே, அது) ஸ்லைடர ஆக மேல தள்ளும். நடுவுல விட்டா விண்டோஸோட சொந்தப் புரோகிராம் சிலது கேக்காமலே உரிமைய எடுத்துக்கிடும், கள்ளன் அதுங்க முதுகுல ஏறி வருவான். யுஏசி பாதுகாப்பு எல்லையே கெடையாதுன்னு மைக்ரோசாஃப்ட்டே எழுதி வச்சிருக்கு. இம்புட்டும் செஞ்சாலும் "நான் ரோபோ இல்ல"ன்னு ஒரு பக்கம் வந்து, நமக்குத் தெரியாம கள்ளக் கமாண்ட காப்பி பண்ணி வச்சிட்டு, விண்டோஸ் கீ ஆர், கன்ட்ரோல் வி, என்டர்னு சொல்லும். நம்ம ஆளு அமுக்குவான். அட்மின் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம், ப்ரவுசர் குக்கி (லாகின் ஆனதுக்கு அடையாளம்) பூராவும் போயிரும். குக்கி போச்சுன்னா ஓடிபியும் கேக்காது, ஏன்னா அவன் ஏற்கெனவே லாகின் ஆன ஆளு.

பொதிகைப் பென்குவின்:
அந்த விண்டோஸ் கீ ஆர் வித்தை லினக்ஸ்ல நடக்காது. அதத்தான் நானும் சொல்லுதேன்!

குறிச்சிக்காரன்:
"கர்ல் போட்டு பைப் போட்டு பேஷ்"னு (நெட்ல இருந்து ஸ்கிரிப்ட இறக்கி அப்படியே ஓட்டுதது) எந்த இணையதளத்துலயோ கெடக்கத சூடோவோட டெர்மினல்ல ஒட்டுத கூட்டம் எதுவே? லினக்ஸ்ல இன்ஸ்டால் பண்ணுத டெப் ஃபைல்ல இருக்க போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்ட் ரூட்டாத்தான் ஓடும். நீரு பாஸ்வேர்ட் அடிச்ச நிமிஷம் அவனுக்கு மொத்த வீட்டுச் சாவியும் குடுத்தாச்சு. 2016 பிப்ரவரியில ஒம்ம மின்ட் சைட்டையே ஒடச்சு கள்ள ஐஎஸ்ஓ (ஓஎஸ் இன்ஸ்டால் பண்ணுத ஃபைல்) வச்சான். 2024-ல லினக்ஸ்ல ஃபைலச் சுருக்குத எக்ஸ்இசட்ங்கற மென்பொருளுக்குள்ளயே கள்ள வாசல் வச்சான்.

பொதிகைப் பென்குவின்:
எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 ரெண்டும் டெபியன் லினக்ஸோட ஸ்டேபிள் பதிப்புக்கோ மின்ட்டுக்கோ வரவே இல்ல. எஸ்எஸ்எச் (தூரத்து மிஷினுக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் தாமதமாகுதுன்னு ஒரு ஆளு நோண்டிக் கண்டுபிடிச்சாரு. மூலநிரல் தெறந்து கெடந்ததாலதானே நோண்ட முடிஞ்சுது? மூடி வச்ச விண்டோஸ்ல யாரு நோண்டுவா? ப்ரவுசர் இழையிலயும் இப்படித்தான் அரைகுறையா எடுத்துப்போட்டு எட்டு பக்கம் இழுத்தாரு இவரு.

குறிச்சிக்காரன்:
சூடோவுல 2011-ல விழுந்த ஓட்டை 2021 வரைக்கும் தெறந்துதான் கெடந்துது. பத்து வருஷம் எந்த அண்ணாச்சி நோண்டுனாரு? பாஸ்வேர்ட் தெரியாமலே ரூட்டாகுத ஓட்டை அது, கேட்டுக்கிடும்.

டவுண் ஆடிட்டர்:
நடுவுல வாரதுக்கு மன்னிக்கணும். டாலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ரெண்டும் வேணும். மின்ட் போடலாமா?

பொதிகைப் பென்குவின்:
டோக்கனுக்கு கம்பெனி லினக்ஸ் டிரைவர் தருதான்னு முதல்ல பாருங்க. டாலிய வைன்ல (விண்டோஸ் புரோகிராம லினக்ஸ்ல ஓட்டுத மென்பொருள்) ஓட்டிப் பாக்கலாம்.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
மார்ச் 31 ராத்திரி வைன்ல டாலி ஓட்டச் சொல்லுதாரு! ஆடிட்டர் சார், விண்டோஸ் 10-லயே இருந்தீங்கன்னா கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுல பதிஞ்சுக்கிடுங்க, 2026 அக்டோபர் 13 வரைக்கும் வரும். செட்டிங்ஸ்ல அப்டேட் பக்கத்துலயே "என்ரோல்" இருக்கும். அதுக்குள்ள விண்டோஸ் 11 ஏறுத மாதிரி, எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதுக்கு மேலயோ உள்ள மிஷின் ஒண்ணு பாத்துக்கிடலாம்.

பொதிகைப் பென்குவின்:
ஆகா, மிஷின் வியாபாரம் ஆரம்பிச்சுட்டு.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
என் கடையில வாங்குங்கன்னு எங்கவே சொன்னேன்? காட்டும் பாப்போம்.

மட்டுறுத்துநர்:
கடை, வியாபாரம் பேச்சு வேண்டாம். தலைப்புக்கு வாங்க.

குறிச்சிக்காரன்:
நான் தலைப்புலதான் நிக்கேன். லாகின்ஸ் டாட் ஜேசன். இன்னும் பதில் வரல.

பொதிகைப் பென்குவின்:
ப்ரைமரி பாஸ்வேர்ட் வையும்னு அப்பவே சொல்லிருப்பேன், நீரு வாயத் தெறக்க விட்டாத்தானே?

குறிச்சிக்காரன்:
அதான்வே, அத நீரு வைக்கணும். அதுவா கேக்காது.

வண்ணாரப்பேட்டை சர்வீஸ்:
மட்டுறுத்துநரே, 500 ரூவா பேச்ச அவரு வாபஸ் வாங்குத வரைக்கும் நான் இந்த இழைய விடப்போறதில்ல.