செம்புள்ளியா, செம்பொட்டா: ரெட்பாயின்டுக்குத் தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

போல்ட் (விழுந்தால் தாங்கப் பாறையில் பதித்த இரும்பு) அடித்த பாறைத்தடங்களில் ஏறுவது பற்றிய சொற்பட்டியலில் 'ரெட்பாயின்ட்' மட்டும் நிலுவையில் நிற்கிறது. ஒரு தடத்தைக் கயிற்றில் தொங்காமல் அடியிலிருந்து உச்சிவரை ஏறி முடிப்பதற்கான சொல் அது. மூலச்சொல் ஜெர்மன் 'ரோட்புங்க்ட்'. சிவப்புப் புள்ளி என்பதுதான் அதன் பொருள். 'செம்புள்ளி ஏற்றம்' என்று போட்டு முடித்துவிடலாமா?

---

> 'செம்புள்ளி ஏற்றம்' என்று போட்டு முடித்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றுவது நம் ஊர்த் தண்டனை. அரும்பாடுபட்டு ஒரு தடத்தை முடித்தவரைப் பற்றி 'செம்புள்ளி ஏற்றம்' என்று எழுதினால் கழுதை தானாக வந்து சேர்ந்துகொள்ளும். 'ஏற்றம்' விலைக்கும் கிணற்றுக்கும் போய்விட்ட சொல். பட்டியல் முழுக்க 'ஏறல்' என்றே வைப்போம்.

புள்ளியை விட்டுப் பொட்டுக்கு வரலாம். 1970-களின் தொடக்கம்வரை ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா சுண்ணாம்புப் பாறைகளில், அடித்து வைத்த ஆணியைப் பிடித்தும் மிதித்தும் ஏறுவது சாதாரணம். ஜெர்மன் பாறையேறி கூர்ட் ஆல்பர்ட் அதை மாற்றினார். தன் கைக்கோ காலுக்கோ தேவைப்படாத ஆணிகளில் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுவந்தார். ஒரு தடத்தின் எல்லா ஆணிகளையும் அப்படித் தவிர்த்து ஏறி முடித்ததும், தடத்தின் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். ஆண்டு 1975. இந்தத் தடத்தில் ஆணி இருப்பது ஏறுபவர் விழுந்தால் தாங்குவதற்கு மட்டும், ஏறுவதற்கு அல்ல என்பதே அந்தப் பொட்டின் அறிவிப்பு. பொட்டை நெற்றியில் வைக்காமல் பாதத்தில் வைத்தார், போகட்டும்.

ஆகவே விளக்கத்தில் இவை கட்டாயம் வரவேண்டும்: தரையிலிருந்து தொடங்க வேண்டும். கயிறு மேலிருந்து வரக்கூடாது, ஏறுபவரே ஒவ்வொரு போல்டிலும் மாட்டிக்கொண்டு போக வேண்டும். உச்சி நங்கூரத்தில் (தடத்தின் முடிவில் கயிற்றை மாட்டும் இடம்) கயிற்றை மாட்டும்வரை உடல் எடை ஒருமுறைகூடக் கயிற்றிலோ போல்டிலோ இறங்கக்கூடாது. அதற்குமுன் எத்தனை நாள் பழகியிருந்தாலும் கேள்வியில்லை. முதல் முயற்சியிலேயே, யாரிடமும் குறிப்புக் கேட்காமல் ஏறினால் அது ஆன்சைட். குறிப்புக் கேட்டோ, பிறர் ஏறுவதைப் பார்த்தோ முதல் முயற்சியில் ஏறினால் ஃபிளாஷ். முன்பு வந்த 'தடையற்ற ஏறல்' என்ற பரிந்துரை இம்மூன்றுக்கும் பொருந்தும் என்பதால் ஒன்றுக்கும் உதவாது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: 'வொல்ஃப்காங் குல்லிச் 1991-இல் ஃபிராங்கன்யூராவின் ஆக்சியோன் டிரெக்ட் தடத்தைச் செம்பொட்டேறினார்.' தாவி இரண்டு விரல் குழியைப் பற்றித் தொடங்கும் தடம் அது, இன்று கடின அளவையில் 9ஏ தரம். 'செம்பொட்டேறினார்' வாயில் தங்குகிறது.

---

அண்ணா, பொட்டு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனாலும் ஒன்று. பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் நிறத்தை விட்டுவிட்டுச் 'சங்கிலியாகக் கோத்தல்' என்ற பொருளில் சொல்கிறார்கள். வேலையின் இயல்பும் அதுதான்.

கடினமான தடத்தில் முதல் நாள் யாரும் 'ஏறுவதில்லை'. போல்டுக்குப் போல்ட் கயிற்றில் உட்கார்ந்து, அடுத்த இரண்டு மீட்டருக்குக் கை எங்கே, கால் எங்கே என்று தேடுவார்கள். பிடியில் அப்பியிருக்கும் மெக்னீசியம் கார்பனேட் பொடியைப் பிரஷால் தேய்த்து எடுப்பார்கள். அப்பிய பொடி வழுக்கும். கண்ணில் படாத மிதியிடத்துக்கு அதே பொடியால் ஒரு சிறு கோடு போட்டு, கிளம்பும்போது அழித்துவிடுவார்கள்.

கோப்பது மேலிருந்து கீழாக. முதலில் கடைசி இரண்டு போல்டிலிருந்து நங்கூரம்வரை விழாமல் ஏற வேண்டும். பிறகு இன்னும் இரண்டு போல்ட் கீழே இறங்கி அங்கிருந்து. சோர்ந்த கையோடு போய்ச் சேரும் இடம் மேல்பாதி. அங்கே யோசிக்க நேரமிருக்காது. முன்கை வீங்கிக் கல்லாகி, பிடித்த விரல் தானாகத் திறந்துவிடும். நடுவிலுள்ள மிகக் கடினமான அசைவைத் தனியாகச் செய்து காட்டுபவர் தரையிலிருந்து வரும்போது அதே இடத்தில் விழுவது இதனால்தான். எந்தப் பிடியில் நின்று கயிற்றை மாட்டுவது என்பதையும் சேர்த்தே கோக்க வேண்டும். முழு முயற்சிகளுக்கு நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும்.

அதனால் 'கோவையேறல்'?

---

கோவையில் என்ன ஏறியது என்று கேட்பார்கள் தம்பி, விலையா வெயிலா என்று. பழகும் கட்டத்துக்குக் 'கோத்துப் பழகல்' என்று வைத்துக்கொள்வோம். முடித்த ஏறலுக்குச் செம்பொட்டு.

பட்டியலில் இதைவிட அவசரமாகத் திருத்த வேண்டியது 'பேக்கிளிப்'. யாரோ 'பின்மாட்டல்' என்று போட்டிருக்கிறார்கள். படிப்பவர் அதை ஏதோ மாட்டும் முறை என்று எண்ணிக்கொள்வார், அது பிழையின் பெயர் என்று தெரியாது. கீழே நிற்பவரிடமிருந்து வரும் கயிறு கொண்டிக்குள் (கயிற்றை மாட்டும் உலோக வளையம், திறந்து மூடும் பகுதி அதன் நாக்கு) பாறைப் பக்கமாக நுழைந்து, வெளிப்பக்கமாக ஏறுபவரிடம் வர வேண்டும். மாறி நுழைந்தால், விழும்போது கயிறு கொண்டியின் நாக்கின் குறுக்கே மடங்கி, நாக்கைத் தள்ளித் திறந்து தானே கழன்றுவிடலாம். கழலாவிட்டாலும் ஆபத்துதான். மூடிய கொண்டி குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பியத் தரம். நாக்கு திறந்திருந்தால் அதே தரம் கேட்பது 7 மட்டுமே. 'எதிர்மாட்டல்' என்று மாற்றுங்கள். முந்தைய கொண்டிக்குக் கீழிருந்து கயிற்றை எடுத்து அடுத்ததில் மாட்டிவிடும் 'இசட்கிளிப்' வேறு பிழை. அதில் கயிறு இறுகி மேலே நகரவே முடியாது. கீழ்க்கொண்டியிலிருந்து கயிற்றைக் கழற்றினால் சரியாகும். அதற்குக் 'குறுக்குமாட்டல்'.

'மாட்டுயரம்' (போல்ட் எந்த உயரத்தில் இருக்கும்போது கயிற்றை மாட்டுவது) பதிவின் விளக்கத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். தலைக்குமேல் எட்டி மாட்டுவது பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைப்பார்கள். அதற்காக இழுத்த தளர்கயிறு கையில் இருக்கும்போது வழுக்கினால், அந்த நீளமும் விழும் தூரத்தில் சேரும். இரண்டாம், மூன்றாம் போல்டில் அது தரைவரை கொண்டுபோய்விடும். நல்ல பிடி இருந்தால் போல்ட் இடுப்பருகே வந்தபின் மாட்டுவதே மேல்.

'பிங்க்பாயின்ட்' வேண்டாம். கொண்டிகளை முன்பே தொங்கவிட்டு ஏறுவதைத் தனியாகப் பிரித்துக் காட்ட வந்த சொல் அது. போல்ட் தடங்களில் இன்று அதையும் ரெட்பாயின்ட் என்றே எண்ணுகிறார்கள்.

---

நன்று. 'செம்பொட்டேறல்', 'கோத்துப் பழகல்', 'எதிர்மாட்டல்', 'குறுக்குமாட்டல்' நான்கையும் ஏற்றுகிறேன். அடுத்தது 'பிலேயர்', கீழே நின்று ஏறுபவரின் கயிற்றைப் பிடிப்பவர். 'காப்பாளர்' என்றால் விடுதிக் காப்பாளர் வந்து நிற்கிறார். 'கயிறு காப்பவர்' சரியா? கயிற்றின் கீழ்முனையில் முடிச்சுப் போடுவதும் அவர் பொறுப்பு என்று விளக்கத்தில் சேர்க்கலாமா? தடம் கயிற்றில் பாதிக்கும் மேல் நீளமாக இருந்து, முடிச்சும் இல்லாவிட்டால், ஏறி முடித்தவரை இறக்கும்போது கயிற்றின் முனை அவர் கயிற்றைப் பிடிக்கும் கருவியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.