ஏற்காடு வளைவுகளில் உரசிய லைனர்

ஏற்காட்டுக்கு அடிக்கடி வண்டி ஓட்டுகிறவர்கள் முன் சக்கரத்துப் பக்கம் ஏதோ உரசுவதைக் கேட்டிருப்பீர்கள். என் வண்டியில் அடிவாரம் தாண்டிய முதல் சில வளைவுகளிலேயே அது ஆரம்பித்துவிடும். நேர் சாலையில் ஒன்றும் இருக்காது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால்தான் ‘சர்ர்’ என்று வரும். சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், ஓட்டிக்கூடப் பார்க்காமல் வீல் பேரிங் மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேரிங் போயிருந்தால் நேராகப் போகும்போதும் உறுமும், வேகம் கூடக் கூட உறுமலும் கூடும். இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் போயிருந்தால், ஒடித்துத் திருப்பி ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக்’ என்று அடிக்கும். இது இரண்டுமே இல்லை.

வீட்டு வாசலில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்திவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். மட்கார்டுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரில் கிளிப்புகள் கழன்று, ஓரம் தொங்கிக்கொண்டிருந்தது. டயர் தேய்த்த இடம் பளபளவென்று தெரிந்தது. அந்த 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் மட்கார்டுக்குள் ஏறும். தொங்குகிற லைனர் அப்போது டயரில் படுகிறது, அவ்வளவுதான்.

புது கிளிப் அடித்து முடித்திருக்கலாம். ஆனால் லைனரையே கழற்றியதில்தான் பெரிய விஷயம் தெரிந்தது. மலைச் செம்மண்ணும் சில்வர் ஓக் சருகும் சேர்ந்து, கதவுக்குக் கீழே ஓடும் தகடு தொடங்குகிற மூலையில் ஈரத்தோடு அப்பிக் கிடந்தன. சேலத்தில் கடல் காற்று இல்லையே, துரு எங்கே வரப்போகிறது என்று நிறைய பேர் சொல்கிறார்கள். துருவுக்கு உப்புதான் வேண்டும் என்றில்லை, காயாத மண்ணே போதும். வெளியே பெயின்ட் நன்றாகவே இருக்கும், உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கும். பெயின்ட் கொப்பளித்த பிறகு பார்த்தால் டிங்கரிங் வேலைதான்.

ஏற்காட்டில் வாடகை வண்டி ஓட்டும் நண்பர் ஒருவர் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் லைனர்களைக் கழற்றிக் கழுவாமல் விடமாட்டார். பின் சக்கரத்தைப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். பல சின்ன வண்டிகளில் பின்னால் லைனரே கிடையாது. மட்கார்டு வளைவின் உள் விளிம்பில் இரண்டு தகடுகள் மடிந்து சேரும் இடத்தில் சேறு தங்கிவிடும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் இருந்தால் எடுத்துவிடலாம்.

வீட்டிலேயே செய்ய நினைத்தால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே தலையைக் கொடுக்கக் கூடாது. சமதளம், ஹேண்ட் பிரேக், எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல், வண்டியைத் தாங்க ஸ்டாண்டு, இத்தனையும் இருக்க வேண்டும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

கிளிப்பின் நடுப் பின்னை முதலில் இழுத்துவிட்டால் மீதி உடையாமல் வரும். உடைந்தாலும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மலிவாகவே கிடைக்கும். மண்ணைக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருவைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்துப் பளிச்சென்று தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். அப்புறம் பிரைமர், அதற்கு மேல் அடித்தகட்டைத் துருவிலிருந்து காக்கும் அண்டர்கோட்டிங் பூச்சு. ஈரத்தின் மேலேயோ துருவின் மேலேயோ அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பதாகிவிடும், அதற்கு அடிக்காமலே விடலாம். பிரேக் டிஸ்க், சக்கர வேகத்தை அறியும் ஏபிஎஸ் சென்சார், ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட், தண்ணீர் வடியும் ஓட்டைகள் எதிலும் படாமல் செய்தித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள்.

வழியில் லைனர் தொங்கிவிட்டால் கேபிள் டை போட்டு வீடு வந்து சேரலாம், ஆனால் அதையே நிரந்தரமாக்க வேண்டாம். சக்கரத்தை மாட்டியதும் நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். அடிவாரத்துக்கு முன்னால் இருக்கும் கோரிமேடு வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்த பிறகு மலை ஏறுங்கள்.