மறு: ஃப்ளட் பூல் – வெள்ளக் கொள்ளிடம்?

ஐயா, வணக்கம்.

> ஃப்ளட் பூல் – வெள்ளக் குளம்

அணைகளில் வரும் ‘ஃப்ளட் பூல்’ (flood pool) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நீங்கள் முன்மொழிந்த தமிழாக்கம் இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. குளம் என்றாலே நீர் நிற்கும் இடம். ஃப்ளட் பூல் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காலியாகத்தான் கிடக்கும், கிடக்கவும் வேண்டும்.

வெள்ளத்தடுப்புக்கும் பொழுதுபோக்குக்குமாகக் கட்டிய சிறிய மண் அணையைப் பாருங்கள். படகு விடவும் மீன் பிடிக்கவும் ஒரு மட்டம் வரை நீர் எப்போதும் நிற்கும். அந்த மட்டத்தில் வாய் திறந்தபடி ஒரு கான்கிரீட் கூண்டு. மழைநீர் ஏறினால் அதற்குள் விழுந்து, கரைக்கு அடியில் பதித்த குழாய் வழியே வெளியேறும். குழாயை வேண்டுமென்றே சிறியதாக வைத்திருப்பார்கள். வரும் வேகத்தில் வெளியேற முடியாத நீர் மேலே ஏறி நின்று, சில நாட்களில் மெல்ல வடியும். திறந்து மூடக் கதவும் இல்லை, ஆளும் வேண்டாம். அதற்கும் மேலே ஏறினால், கரையோரம் புல் வளர்த்த வாய்க்கால் வழியே போய்விடும். இல்லையென்றால் கரை மேலேயே வழிந்து மண்ணை அரித்துவிடும். கூண்டின் வாய்க்கும் அந்த வாய்க்காலின் தொடக்க மட்டத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் ஃப்ளட் பூல்.

இதைக் குளம் என்று சொன்னால், “காலியாகத்தானே கிடக்கிறது, இன்னும் இரண்டடி நிறுத்தினால் படகுக்கு நல்லதாயிற்றே” என்று யாராவது கேட்பார்கள். நியாயமாகவும் தோன்றும்! அதனால் ‘வெள்ளக் கொள்ளிடம்’ என்கிறேன்.

> ஆற்றோடு குழம்பாதா?

குழம்பாது. காவிரியின் மிகுவெள்ளத்தைக் கொள்வதால்தான் கொள்ளிடம் ஆற்றுக்கே இப்பெயர் என்பார்கள். வேலை ஒன்றுதானே.

எப்போதும் நிற்கும் நீருக்கு ‘நிலைநீர்’ போதும். புல் வாய்க்காலுக்குத் ‘துணை மறுகால்’ (மறுகால் என்றால் மிகைநீர் வழிந்தோடும் வழி). ‘அவசர மறுகால்’ வேண்டாம், அமெரிக்க வேளாண் துறையினரே எமர்ஜென்சி (அவசர) ஸ்பில்வே என்பதை ஆக்சிலரி (துணை) ஸ்பில்வே என்று மாற்றிக்கொண்டார்கள்.

அப்புறம் அந்தக் கூண்டு, அதாவது ரைசர். அதற்குக் குமிழித்தூம்பு (நம் பழைய ஏரிகளின் மதகு) என்று முன்மடலில் வந்திருந்தது. பார்க்க ஒன்றுபோல இருக்கலாம், ஆனால் குமிழித்தூம்பு பாசனத்துக்காக ஏரியின் அடியிலிருந்து நீரை எடுப்பது; இதில் நீர் மேல் விளிம்பைத் தாண்டி விழுகிறது. ‘வழிதூம்பு’ என்று வைக்கலாமா? மறுப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.