மைக்கை அழுத்தினால் எக்கோ அணைகிறது: பேட்டரியா, வயரா?

கேள்வி, நாகப்பட்டினம்

28 அடி ஃபைபர் படகு, டீசல் எஞ்சின். 7 இஞ்ச் ஜிபிஎஸ்-எக்கோ (இடம், ஆழம், மீன் காட்டும் திரை), 25 வாட் விஎச்எஃப் மைக் செட் (படகு ரேடியோ), எல்இடி விளக்குகள். சாயங்காலம் போய்க் காலையில் திரும்பும் தொழில். நள்ளிரவு தாண்டியபின் மைக்கை அழுத்தினால் எக்கோ அணைந்து மறுபடி எழுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே 80 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) கார் பேட்டரி, வயது ஒரு வருஷம். 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு மாறலாமா?

தூத்துக்குடி

பேட்டரிக்குப் பணம் போடும் முன் மல்ட்டிமீட்டரை எடுங்கள். ஒருவர் மைக்கை அழுத்திப் பிடிக்கட்டும். அப்போது பேட்டரி முனையில் ஒரு அளவு, எக்கோவின் பின்பக்கம் வயர் ஏறும் இடத்தில் ஒரு அளவு. பேட்டரியில் 12.2 வோல்ட், எக்கோவில் 10.8 என்று வந்தால் கோளாறு நடுவில் இருக்கிறது. எத்தனை பெரிய பேட்டரி வைத்தாலும் தீராது. இரண்டு இடத்திலும் சேர்ந்தே விழுந்தால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரும்பாலும் நடுவில்தான். மைக் பேசும்போது 5, 6 ஆம்ப் இழுக்கும், எக்கோ ஒரு ஆம்ப். இரண்டுக்கும் சேர்த்து 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வீட்டு வயர் ஒரே ஜோடி போயிருக்கும். பேட்டரியிலிருந்து செட்டுக்கு 5 மீட்டர் என்றால் கரண்ட் போய்த் திரும்புவது 10 மீட்டர். 7 ஆம்புக்கு அதிலேயே 0.9 வோல்ட் போய்விடும். பச்சை பூத்த ஒரு ஜாயின்ட் இன்னும் அரை வோல்ட் தின்னும். நள்ளிரவில் பேட்டரியே 11.8க்கு இறங்கியிருக்கும்போது எக்கோவுக்குக் கிடைப்பது 10.4. அணையாமல் என்ன செய்யும்?

மைக்குக்குத் தனி ஜோடி, எக்கோவுக்குத் தனி ஜோடி, இரண்டும் 4 ஸ்கொயர். அதே 10 மீட்டரில் 6 ஆம்புக்கு விழுவது 0.3 வோல்ட்தான்.

குளச்சல்

வயர் வாங்கும்போது வெள்ளீயம் பூசின செம்புக் கம்பியான்னு தோலைச் சீவிப் பாருங்க. உள்ளே வெள்ளியா மின்னணும். சாதாரணச் செம்புக் கம்பியில உப்புத் தண்ணி முனையில ஏறி, தோலுக்குள்ளேயே நெடுந்தூரம் போயிரும். வெட்ட வெட்டக் கருப்பாத்தான் வரும். ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுத்துறது கடல்ல ஒரு சீசன்கூடத் தாங்காது. ஈயம் வச்சுப் பத்த வச்சாலும் எஞ்சின் அதிர்வுல பத்தவச்ச இடத்துக்குப் பக்கத்துலயே கம்பி ஒடியும். லக் (வயர் முனைக்கு மாட்டுற உலோகக் காது) போட்டு, கிரிம்ப் பண்ணி, அதாவது இடுக்கியால நசுக்கி இறுக்கி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற குழாய்) ஏத்துங்க.

ஃபியூஸ் பேட்டரியோட பிளஸ்லேருந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும். ஃபியூஸ் காப்பாத்துறது செட்டை இல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவுல வயர் உராஞ்சு ஷார்ட் ஆனா அதை நிறுத்த ஒண்ணுமே கிடையாது. தண்ணி இறைக்கிற பில்ஜ் பம்பை மட்டும் மெயின் சுவிட்ச்சுக்கு முன்னாடி, தனி ஃபியூஸ் போட்டு எடுங்க. இல்லன்னா சுவிட்ச்சை அணைச்சுட்டு வீட்டுக்குப் போன ராத்திரி மழையில படகு நிரம்பும்.

எஞ்சின் ஓடும்போது மெயின் சுவிட்ச்சை அணைச்சா ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுத்தி பேட்டரியைச் சார்ஜ் பண்ற ஜெனரேட்டர்) டையோடு போச்சு. சுவிட்ச் பக்கத்துல பெயின்ட்ல எழுதி வைங்க.

ராமேஸ்வரம்

அளவு கேட்டீர்கள். 10 மணி நேர ராத்திரிக்கு: எக்கோ 10 ஏஎச், மைக் கேட்டுக்கொண்டிருக்க 4, பேச 2 அல்லது 3, வழி விளக்குகள் 6, வலை வாங்கும் நேரத்துக்கு 20 வாட் எல்இடி 4 மணி நேரம் 7. மொத்தம் 30 ஏஎச். (வேலை வெளிச்சத்தைத்தான் சொல்கிறேன். விளக்கு வைத்து மீனை இழுக்கும் எல்இடி தொழிலுக்கு 2017இலிருந்தே தடை.) ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது, ஆக 60, பழசாவதற்கும் சேர்த்து 75, 80 போதும். உங்கள் 80 ஏஎச் கணக்குக்குச் சரிதான், ரகம்தான் தப்பு. கார் பேட்டரியின் தகடு மெல்லிசு: ஸ்டார்ட்டருக்குச் சில விநாடி நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுக்க ஏற்றது, தினமும் பாதிவரை வடித்தால் தகட்டு மாவு உதிர்ந்துவிடும். அதை எஞ்சினுக்கு மட்டும் விட்டுவிட்டு, செட்டுகளுக்கு 80 ஏஎச் ஏஜிஎம் (அமிலம் தளும்பாத, மூடிய ஈய பேட்டரி) தனியாக வையுங்கள்.

நீங்கள் கேட்ட இன்வெர்ட்டர் பேட்டரி, உயரமான 150 ஏஎச் டியூபுலர், வீட்டு மூலைக்குச் சரி. 50 கிலோவுக்கு மேல், படகு ஆடும்போது அமிலம் தளும்பும். செல்லுக்குள் கடல் தண்ணீர் இறங்கினால் குளோரின் வாயு வரும்.

லித்தியம், அதாவது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), 100 ஏஎச் சுமார் 12 கிலோதான். 80 சதவீதம் வரை எடுக்கலாம். ஆனால் ஆல்டர்னேட்டரோடு நேரே கட்டாதீர்கள். கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். நடுவில் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) துண்டித்தால் மறுபடி டையோடு கதைதான். கரண்ட்டை அளவோடு விடும் 20 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர் நடுவில் வேண்டும்.

தூத்துக்குடி

சார்ஜ் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் பேட்டரி தளர்வதற்கு முக்கியக் காரணம் அரைகுறை சார்ஜ். எஞ்சின் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடினால் 80 சதவீதம் வரை ஏறும், கடைசி 20க்கு நாலைந்து மணி நேரம் ஆகும். அது தினமும் ஏறாமலே நின்றால் தகட்டில் சல்பேட் இறுகி, 80 ஏஎச் பேட்டரி 40 ஆகிவிடும். எஞ்சினை நிறுத்தியதும் மீட்டர் 13 காட்டுவதை நம்பாதீர்கள். சில மணி நேரம் ஓய்வு விட்டுப் பாருங்கள்: 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி.

வாரம் ஒருமுறை கரை சார்ஜர், 80 ஏஎச்சுக்கு 8 ஆம்ப், 14.4 வோல்ட் வரை, பிறகு 13.6இல் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் பேட்டரி 35 டிகிரியில் இருந்தால் 14.2 போதும். அல்லது 100 வாட் சோலார் பேனல்: நல்ல வெயில் நாளில் 28, 30 ஏஎச், உங்கள் ஒரு ராத்திரிச் செலவு. கொடிக்கம்பின் நிழல் குறுக்கே விழாத இடமாகப் பாருங்கள். ஒரு கோடு நிழலே பாதியை வெட்டும்.

கேள்வி, நாகப்பட்டினம்

அளந்து பார்த்தாச்சு. மைக் அழுத்தும்போது பேட்டரியில் 12.0, எக்கோவில் 10.3. ஃபியூஸ் ஹோல்டர் சுடுகிறது.

குளச்சல்

1.7 வோல்ட் வழியிலயே போகுது, அதுல நல்ல பங்கு அந்த ஹோல்டர்தான். கழட்டிப் பாருங்க, உள்ளே பித்தளை பச்சையா இருக்கும். சுரண்டிப் போடாதீங்க, மாத்துங்க. டெர்மினல்ல வெள்ளைப் பொடி இருந்தா ஆப்பசோடா கரைசல்ல கழுவுங்க, செல் மூடிகள் இறுக்கமா இருக்கணும். துடைச்சுக் காய்ஞ்சதும் லக்கை முறுக்கிட்டு, அதுக்கு மேல வாசலின். முதல்ல வாசலின், அப்புறம் லக்னு மாத்திச் செஞ்சா அதுவே தொடர்பைக் கெடுக்கும்.