குடும்பத் தியேட்டர்: மூன்று திரையாகப் பிரிப்பதா, குத்தகைக்கு விடுவதா?

கேள்வி: பால்கனி_பையன்

தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்திய அதே இடத்தில் அப்பாவும் சித்தப்பாவும் 1983இல் கட்டிய தியேட்டர். திண்டுக்கல் பக்கம். 740 சீட், ஒரே திரை. பெரிய படம் வந்தால் ஞாயிறு வரை கூட்டம் இருக்கும். செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு முப்பது பேர் வந்தாலும் மொத்தக் கொட்டகைக்கும் ஏசி போட்டாக வேண்டும்.

இப்போது ஒரு பெரிய நிறுவனம் குத்தகைக்குக் கேட்கிறது. சித்தப்பா சரி என்கிறார். அப்பாவுக்கு மூன்று திரையாகப் பிரித்து நாமே நடத்த ஆசை. நன்றாகப் போனால் பக்கத்து ஊரிலும் ஒன்று. "சென்னை சத்யம் தியேட்டரைப் பாரு, அதுவும் ஒரு குடும்பம் நடத்தினதுதானே" என்பார் அப்பா. "அவங்களே கடைசியில வித்துட்டாங்களே அண்ணே" என்பார் சித்தப்பா. ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே பேச்சு. நான் சென்னையில் வேலையில் இருக்கிறேன். திரும்பி வந்து நீ பார்த்துக்கொள்வாயா என்று அப்பா கேட்டுவிட்டார். தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கட்டடக்காரர்

செலவுக் கணக்குக்கு முன்னால் லைசென்ஸைப் பாருங்கள். திரையைப் பிரித்தால் பழைய சி ஃபார்ம், அதாவது தியேட்டர் நடத்தும் லைசென்ஸ், அப்படியே செல்லாது. வரைபடம் புதிதாகப் போட்டு, பொதுப்பணித்துறை, தீயணைப்பு, மின் ஆய்வாளர் என்று ஒவ்வொரு இடத்திலும் சான்று வாங்கித்தான் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். அவசர வழியும் பார்க்கிங்கும் கணக்கில் இடித்தால் 740 சீட் 500க்குக் கீழே இறங்கிவிடலாம். அப்பாவிடம் அந்த எண்ணிக்கையை முதலில் சொல்லிவிடுங்கள்.

பதில் 2: டார்ச்_லைட்

ஒரு குடும்பத்தின் தியேட்டர்களில் பதினொரு வருடம் மேனேஜராக இருந்தவன். உங்கள் அப்பா, சித்தப்பா இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

சத்யம் ராயப்பேட்டையில் 1974இல் தொடங்கியது. ஒரே வளாகத்தில் திரைகளைக் கூட்டி, அதைச் சரியாக நடத்திக் காட்டிய பிறகுதான் 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால், அப்புறம் மற்ற இடங்கள் என்று போனார்கள். 2018இல் பிவிஆர் என்ற மல்டிபிளெக்ஸ் நிறுவனம் வாங்கியபோது 76 திரைகள். ஏறத்தாழ 71.7 சதவீதப் பங்குக்கு 633 கோடி ரொக்கம், மீதிப் பங்குக்கு பிவிஆரின் பங்குகள். ஈ ஓட்டிக்கொண்டிருந்த தியேட்டரை அவர்கள் விற்கவில்லை. ஹவுஸ்ஃபுல் போர்டு தொங்கிய இடத்தை விற்றார்கள். அதைச் சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். வாங்கிய பிவிஆரின் முதல் எழுத்தான 'பி' பிரியா தியேட்டரைக் குறிப்பது. டெல்லி வசந்த் விஹாரில் பிஜிலி குடும்பம் 1978இல் வாங்கிய ஒற்றைத் திரைத் தியேட்டர் அது. 1997இல் சாகேத்தில் நான்கு திரையோடு தொடங்கியதுதான் அவர்களின் முதல் மல்டிபிளெக்ஸ். அவர்களும் உங்களைப் போலத்தான் தொடங்கினார்கள்.

குடும்பம் நடத்தும் தியேட்டருக்கு என்ன பலம் என்று என் முதலாளியிடம் கற்றேன். தமிழ்நாட்டு மல்டிபிளெக்ஸில் மேல் விலை 120, கீழ் விலை 10 என்று அரசு வைத்திருந்த காலம். அவர் தினம் காலைக் காட்சி தொடங்கியதும் பத்து ரூபாய் வரிசையில், இடது ஓரக் கடைசி சீட்டில் போய் உட்காருவார். இருபது நிமிடம். அங்கே வசனம் கேட்கிறதா, திரையின் ஓரம் மங்குகிறதா, பாத்ரூம் வாடை வருகிறதா என்று பார்ப்பார். ஒருநாள் வெளியே வந்து, "லேம்ப் மணிக்கணக்கு என்ன ஓடியிருக்கு?" என்று ஆபரேட்டரைக் கேட்டார். புரொஜெக்டரின் ஜெனான் லேம்ப் ஆயுள் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் புகார் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலைக் காட்சிக்குள் மாற்றினோம்.

மூன்று ஊரில் தியேட்டர் ஆன பிறகு அவரால் எல்லா இடத்திலும் உட்கார முடியவில்லை. மகன்களுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. அங்கேதான் தேய ஆரம்பித்தது. அந்த சீட்டில் தினமும் உட்கார உங்களுக்கு மனம் இருக்கிறதா? இருந்தால் மூன்று திரையாகப் பிரித்து நடத்துங்கள். மாதம் ஒருமுறை வந்து கணக்கு மட்டும் பார்ப்பேன் என்றால் குத்தகையே நல்லது.

பதில் 3: கேன்டீன்_அக்கா

தம்பி, நாங்கள் தியேட்டரைக் குத்தகைக்கு விட்ட குடும்பம். பெயர் வேண்டாம். பத்திரத்தில் மூன்று விஷயத்தை விட்டுவிட்டோம்: ஜெனரேட்டர் பழுது யார் செலவு, கேன்டீன் வருமானத்தில் நமக்கு என்ன, அவர்கள் பாதியில் போனால் நாற்காலியும் புரொஜெக்டரும் யாருக்கு. ஆறாவது வருடம் போய்விட்டார்கள். தரையில் போல்ட் துளைகள்தான் மிச்சம். டிக்கெட் பணத்தில் விநியோகஸ்தர் பங்கும் வரியும் போய்விடும், பாப்கார்ன் பணம் கையில் நிற்கும். பத்திரத்தில் கேன்டீன் பற்றி எழுதியிருப்பதை நன்றாகப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பால்கனி_பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவிடம் போனில் டார்ச் லைட் அண்ணன் சொன்ன சீட்டைப் பற்றிக் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "இடது ஓரத்துல பின்னாடி ரெண்டாவது ஸ்பீக்கர் தீபாவளியிலேர்ந்து கரகரங்குது, ஆள் சொல்லியிருக்கேன்" என்றார். அறுபத்தெட்டு வயதில் அவர் இன்னும் அங்கே போய் உட்காருகிறார் என்பது எனக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் இரண்டு வருட டிசிஆர், அதாவது தினசரி வசூல் கணக்கு, கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை ஊருக்குப் போகிறேன். செவ்வாய் மதியக் காட்சி வரை இருந்துவிட்டு வருகிறேன்.