ஜூலியெத்தா: செல்லப் பெயரா, முழுப்பெயரா?

வினவியவர்

அனைவருக்கும் வணக்கம். இத்தாலியக் கலையுலகோடு தொடர்புடைய பெண்களைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுவதற்காகக் குறிப்புகள் திரட்டி வருகிறேன். திரை நடிகை ஜூலியெத்தா மாசினா, இசைநாடகப் பாடகி ஜூலியெத்தா சிமியோனாத்தோ, பீத்தோவனிடம் பியானோ கற்ற ஜூலியெத்தா குயிச்சார்தி என்று ஒரே பெயர் வெவ்வேறு காலங்களில் எதிர்ப்படுகிறது. நாம் ஜூலியட் என்று அறிந்திருக்கும் வெரோனா நகரத்துக் கதைத் தலைவிக்கும் இத்தாலிய மொழியில் இதுவே பெயர்.

என் ஐயம் இதுதான். ஜூலியா என்று பெயரிடப்பட்ட பெண்ணை வீட்டார் செல்லமாக அழைக்கும் வடிவம் மட்டும்தானா இது, அல்லது பிறப்புப் பதிவேட்டில் எழுதத்தக்க தனிப்பெயரா? மாசினாவின் இயற்பெயர் ஜூலியா என்றும், குயிச்சார்தியை அவர் குடும்பத்தார் ஜூலி என்றே அழைத்தனர் என்றும் படித்தேன். அப்படியானால் கட்டுரையில் எந்த வடிவத்தைத் தலைப்பாகக் கொள்வது முறை? கொஞ்சுவதற்கென்று உண்டான ஒரு விகுதி, முதிர்ந்த கலைஞர் ஒருவரின் பெயரில் ஆயுள் முழுதும் நிலைத்துவிடும்போது அது அவரது பெருமையைக் குறைப்பதாக இத்தாலியர் கருதுவதில்லையா என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மொழிநேயர்

வணக்கம். இரண்டும் சரி என்பதே சுருக்கமான விடை. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருப்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

பழைய உரோமையின் யூலியுஸ் குலத்துப் பெண்கள் யூலியா என்று அழைக்கப்பட்டனர். அதன் இத்தாலிய வடிவமே ஜூலியா. அதனோடு ‘எத்தா’ என்னும் விகுதி சேர்ந்து ஜூலியெத்தா பிறந்தது. சிறுமையையோ அன்பையோ உணர்த்துவதற்கு இத்தாலிய மொழியில் இத்தகைய விகுதிகள் பல உள்ளன: ‘இனா’, ‘எல்லா’, ‘உச்சா’, ‘எத்தா’ ஆகியவை பெண்பெயர்களில் மிகுதியாக வருகின்றன. அந்தோனியெத்தா, சிமோனெத்தா, நிக்கோலெத்தா, என்ரிக்கெத்தா ஆகிய பெயர்களைச் சொன்னால் எந்த இத்தாலியருக்கும் சிறு குழந்தையின் உருவம் மனத்தில் எழுவதில்லை. விகுதியின் பொருள் தேய்ந்து, பெயர் மட்டும் நிற்கிறது. நீங்கள் கேட்ட பெருமைக் குறைவு என்னும் உணர்வு எழாமைக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இதனோடு குழப்பிக்கொள்ளத்தக்க வேறொரு பெயரும் உண்டு. தொடக்கக் காலக் கிறித்தவ மறைச்சாட்சிகளுள் ஒருவரான ஜூலித்தா, தம் மகன் குயிரிக்கோவுடன் சேர்த்து வணங்கப்படுகிறார். அது இலத்தீனிலேயே உருவான வடிவம். ஜூலியெத்தாவின் பிழையான எழுத்து என்று எண்ணித் திருத்திவிடக் கூடாது. ஜூலியெத்தா என்னும் பெயருடையோர் தங்கள் பெயர்த் திருநாளைப் பெரும்பாலும் புனித ஜூலியாவின் நாளான மே 22 அன்று கொண்டாடுகின்றனர்.

இப்பெயருக்கு இலக்கியத்தில் நிலையான இடம் தந்தவர் லூயிஜி தா போர்த்தோ. வெனிசுக் குடியரசின் குதிரைப்படையில் பணியாற்றிப் போரில் படுகாயமுற்றவர் அவர்; பின்னர் விச்சென்சாவுக்கு அருகில் இருந்த தம் மாளிகையில் அமர்ந்து அந்த வெரோனாக் காதலரின் கதையைக் குறுங்கதையாக எழுதினார். அது ஏறத்தாழ 1530-இல் வெனிசில் அச்சேறியது. அதற்கு முன்பே, 1476-இல் வெளிவந்த மசூச்சியோ சலெர்னித்தானோவின் தொகுப்பில் இதே போன்ற கதை சியேனா நகரில் நிகழ்வதாக உள்ளது. அங்கே தலைவியின் பெயர் ஜன்னோத்சா; அதுவும் ஜொவான்னா என்னும் பெயரிலிருந்து வந்த சிறுமை வடிவமே. கதையை வெரோனாவுக்கு மாற்றி, தலைவிக்கு ஜூலியெத்தா என்று பெயரிட்டவர் தா போர்த்தோ. அவருடைய தலைவிக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பதினான்கு வயதைக்கூட எட்டாத சிறுமியாக நம் நினைவில் பதிந்திருப்பவள், இங்கிலாந்து மேடைக்குச் சென்றபின் வயது குறைக்கப்பட்ட ஜூலியட். ஆகவே பெயரில் உள்ள விகுதியை அவளது வயதோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

திரை ஆர்வலர்

மாசினாவைப் பற்றி நான் எழுதுகிறேன். அவருடைய வாழ்வில் இந்தப் பெயர் வெறும் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பொலோன்யாவுக்கு வடக்கே உள்ள சான் ஜோர்ஜோ தி பியானோ என்னும் ஊரில் 1921 பிப்ரவரி 22 அன்று பிறந்த அவருக்கு ஜூலியா அன்னா என்று பெயரிட்டனர். உரோமில் அத்தையின் வீட்டில் வளர்ந்து பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்ற காலத்திலேயே நாடகத்திலும் வானொலியிலும் நடிக்கத் தொடங்கினார். இளம் தம்பதி ஒன்றைப் பற்றி, பின்னாளில் திரைப்பட இயக்குநரான ஃபெலினி எழுதிய வானொலித் தொடரில் பல்லீனா என்னும் மனைவியின் குரலாக ஒலித்தவர் இவரே. பல்லீனா என்றாலும் சிறு பந்து என்றே பொருள். அந்தத் தொடரின் வழியே அறிமுகமான இருவரும் 1943 அக்டோபர் 30 அன்று, போர் நடந்துகொண்டிருந்தபோதே, மணம் செய்துகொண்டனர்.

1954-இல் வெளிவந்த ‘லா ஸ்த்ராதா’ படத்தில் ஜெல்சோமினா என்னும் எளிய பெண்ணாக அவர் நடித்தார். குட்டையான உருவமும், அகன்ற விழிகளும், நொடிக்கு நொடி மாறும் முகமும் கொண்ட அவரைப் பலர் சாப்ளினோடு ஒப்பிட்டனர். இந்த ஒப்பீடு பாராட்டாகவே சொல்லப்பட்டாலும் அது எனக்கு முழு நிறைவைத் தருவதில்லை. 1957-இல் ஃபெலினியின் படத்தில் கபீரியா என்னும் பாத்திரமாக நடித்தபோது, ஏமாற்றப்பட்ட பிறகும் தலைநிமிர்ந்து நடக்கும் ஒரு பெண்ணின் சினத்தையும் மானத்தையும் அவர் காட்டிய விதத்திற்கு முன்மாதிரி எதுவும் இல்லை. அந்த ஆண்டு கான் விழாவில் சிறந்த நடிகைக்கான விருது அவருக்குக் கிடைத்தது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது 1965-ஆம் ஆண்டுப் படம். ஃபெலினி இயக்கிய முதல் வண்ண முழுநீளப் படமான அதன் தலைப்பிலேயே ஜூலியெத்தா என்னும் பெயர் இடம்பெறுகிறது. கணவனின் துரோகத்தை உணர்ந்து, தன் அச்சங்களையும் கனவுகளையும் எதிர்கொள்ளும் நடுவயதுப் பெண்ணின் பெயரும் அதுவே. கணவர் இயக்க, தம் சொந்தப் பெயரோடு, துரோகத்துக்கு ஆளான மனைவியாக நடிப்பதற்கு எத்தகைய துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பாத்திரத்திற்கு ஜூலியா என்று பெயரிட்டிருந்தால் அது ஏதோ ஒரு பெண்ணைப் பற்றிய கதையாகியிருக்கும். அதே 1960-களின் பிற்பகுதியில் அவர் இத்தாலிய வானொலியில் நேயர்களின் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சியையும் நடத்தினார். குடும்பத் துயரங்களை அவரிடம் எழுதிய பெண்களுக்கு அவர் ஜூலியெத்தாவாகவே இருந்தார். எனவே உங்கள் கட்டுரையில் ஜூலியெத்தா மாசினா என்றே தலைப்பிடுங்கள். பிறப்புப் பெயரை முதல் வரியில் ஒருமுறை குறிப்பிட்டால் போதும். 1994 மார்ச் 23 அன்று, கணவர் இறந்து ஐந்து மாதங்களுக்குள், அவரும் மறைந்தார்.

வினவியவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேயர்களின் கடிதங்களைப் பற்றிப் படித்தபோது இன்னொரு கேள்வி எழுந்தது. வெரோனாவில் உள்ள ஜூலியெத்தாவின் வீட்டிற்கும் உலகெங்கிலுமிருந்து கடிதங்கள் வருகின்றன என்கிறார்கள். அந்த வீட்டில் அந்தப் பெயருடைய பெண் ஒருவர் உண்மையில் வாழ்ந்ததற்கு ஏதேனும் சான்று உண்டா?

மொழிநேயர்

சான்று எதுவும் இல்லை. கதையில் காதலரின் குடும்பங்களாக வரும் மொந்தெக்கி, கப்பெல்லெத்தி என்னும் இரு பெயர்களையும் இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தின் ‘புர்கத்தோரியோ’ பகுதியில், ஆறாம் படலத்தில் குறிப்பிடுகிறார். ஆனால் அங்கே காதலர் எவரும் இல்லை. கட்சிப் பூசலால் சீரழிந்த குடும்பங்களுக்கு எடுத்துக்காட்டாகவே அவை வருகின்றன. கப்பெல்லோ தெருவில் உள்ள வீடு ஏறத்தாழ அதே ஒலியுடைய தல் கப்பெல்லோ குடும்பத்தாருக்கு உரியதாக இருந்தது. பெயர்களின் நெருக்கத்தால் கதை அந்த வீட்டில் குடியேறியது. நகராட்சி அதை 1905-இல் வாங்கியது. இன்று பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மாடம், நகர அருங்காட்சியகங்களின் தலைவராக இருந்த அந்தோனியோ அவேனா 1930-களில் மேற்கொண்ட சீரமைப்பின்போது பழைய கற்களைக் கொண்டு அமைக்கப்பட்டது.

கடிதங்கள் மட்டும் உண்மையானவை. சான் ஃபிரான்செஸ்கோ அல் கோர்சோ மடத்தில் அவளது கல்லறை என்று காட்டப்படும் வெறுமையான சிவப்புப் பளிங்குப் பேழையருகே மக்கள் விட்டுச் சென்ற சீட்டுகளுக்கு, 1930-களில் அந்த இடத்தின் காவலரே பதில் எழுதத் தொடங்கினார். இப்போது வெரோனாவின் தன்னார்வலர்கள் அந்தப் பணியைத் தொடர்கின்றனர். வாழாத ஒரு பெண்ணின் சார்பில் இத்தனை ஆண்டுகளாகப் பொறுமையோடு பதில் எழுதுவதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

இசைச்சுவைஞர்

இந்த இழையைத் தாமதமாகவே பார்த்தேன். குயிச்சார்தியையும் சிமியோனாத்தோவையும் பற்றி எவரும் இன்னும் எழுதாததால் இதைச் சேர்க்கிறேன்.

குயிச்சார்தி இத்தாலியக் குடும்பப் பெயர் கொண்ட உயர்குடிப் பெண். ஆனால் வாழ்ந்ததோ ஆஸ்திரியப் பேரரசின் சூழலில். 1800-ஆம் ஆண்டளவில் வியன்னாவுக்கு வந்த அவர் பீத்தோவனிடம் பியானோ கற்றார். பீத்தோவன் அவர்மேல் காதல் கொண்டிருந்தார். 1802-இல் வெளியான அவருடைய பியானோ சொனாட்டா ஒன்றின் முகப்பில், அக்கால வழக்கப்படி இத்தாலிய மொழியில், ‘கொந்தெஸ்ஸா (பிரபுகுலச் சீமாட்டி) ஜூலியெத்தா குயிச்சார்திக்கு’ என்று படையல் அச்சிடப்பட்டது. உண்மையில் அவருக்கென்று முதலில் எண்ணியிருந்தது வேறொரு சிறு இசைத்துண்டு. அது லிக்னோவ்ஸ்கி குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது. நிலவொளி என்னும் பெயரை அந்த சொனாட்டாவுக்குப் பிற்காலத்தார் சூட்டினர். பீத்தோவன் அதை அறியார். 1803-இல் கேலன்பெர்க் பிரபுவை மணந்து குயிச்சார்தி நேப்பிள்ஸ் சென்றார். வீட்டில் ‘ஜூலி’ என்று அழைக்கப்பட்டவர், முகப்புத் தாளில் இருந்த ஒரே வரியால் உலகுக்கு ஜூலியெத்தா ஆனார். ஆகவே அவரைப் பற்றி எழுதும்போது இரண்டு வடிவங்களையும் தந்து, இத்தாலிய வடிவம் அந்தப் படையலிலிருந்து பரவியது என்று விளக்குவதே நேர்மையாகும்.

சிமியோனாத்தோவிடம் இந்தச் சிக்கல் இல்லை. 1910 மே 12 அன்று ஃபோர்லியில் பிறந்த இவர் 1933-இல் ஃபுளோரன்சில் நடந்த பாட்டுப் போட்டியில் வென்றவர். ஆயினும் மிலானின் லா ஸ்காலா அரங்கில் அவருக்குப் பல ஆண்டுகள் சிறு பாத்திரங்களே கிடைத்தன. வென்ற குரலை வைத்துக்கொண்டு, தோழியாகவும் பணிப்பெண்ணாகவும் மேடையின் ஓரத்தில் நின்று காத்திருந்தார். 1947-இல் ‘மின்யோன்’ இசைநாடகத்தின் தலைமைப் பாத்திரம் கிடைத்தபோது அவருக்கு முப்பத்தேழு வயது. அதன்பின் இருபதாண்டு அளவுக்கு இத்தாலியின் முதன்மையான மெத்ஸோ சொப்ரானோவாக, அதாவது நடுத்தரச் சுருதிப் பெண்குரலாக, அவர் விளங்கினார். 1957-இல் லா ஸ்காலாவில் ‘அன்னா பொலேனா’ மேடையேறியபோது மரியா காலஸுக்கு எதிராக ஜேன் சீமோராக நின்று பாடினார். அந்தப் பதிவை அவசியம் கேளுங்கள். இரு குரல்களும் ஒன்றையொன்று வீழ்த்த முயலாமல் உயர்த்துவதை அதில் காணலாம். 1966-இல் குரல் குன்றுவதற்கு முன்பே மேடையிலிருந்து விலகினார். 2010 மே 5 அன்று, நூறு வயது நிறைய ஒரு வாரம் இருக்கையில், உரோமில் காலமானார்.

உங்கள் கட்டுரைக்கு மிகவும் பொருந்தக்கூடிய செய்தி ஒன்று உண்டு. பெல்லினி 1830-இல் வெனிசின் லா ஃபெனிச்சே அரங்கிற்காக வெரோனாக் காதலரின் கதையை இசைநாடகமாக்கியபோது, ரோமியோவின் பகுதியை ஆணுக்குத் தராமல் மெத்ஸோ சொப்ரானோவுக்காகவே எழுதினார். அதே நாடகம் 1958-இல் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் பாடப்பட்டபோது ரோமியோவாகப் பாடியவர் ஜூலியெத்தா சிமியோனாத்தோ. சொப்ரானோவுக்கு, அதாவது உயர்சுருதிப் பெண்குரலுக்கு, உரிய ஜூலியெத்தாவின் பகுதியை வேறொரு பெண் பாடினார்.

வினவியவர்

ரோமியோவாகப் பாடிய ஜூலியெத்தாவை எனக்கு அறிமுகப்படுத்தியதற்கு மிக்க நன்றி. மாசினாவையும் சிமியோனாத்தோவையும் ஜூலியெத்தா என்றே தலைப்பிட்டு, குயிச்சார்தியின் பகுதியில் மட்டும் ஜூலி என்னும் குடும்ப வழக்கை விளக்கி எழுத முடிவு செய்துள்ளேன். கட்டுரையின் முதல் பகுதியைத் தா போர்த்தோவிலிருந்து தொடங்குகிறேன். இன்றும் பெண் குழந்தைகளுக்கு இப்பெயரை இடுகிறார்களா என்பதை மட்டும் சொல்லிவிட்டால் என் குறிப்புகள் நிறைவு பெறும்.

மொழிநேயர்

இடுகிறார்கள், ஆனால் மூலப் பெயரான ஜூலியாவுக்கு உள்ள செல்வாக்கு இதற்கு இல்லை. அண்மைப் பத்தாண்டுகளில் இத்தாலியில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர்களுள் ஜூலியாவும் ஒன்று. ஜூலியெத்தாவைப் பதிவேட்டில் எழுதுவோர் அதைவிட மிகக் குறைவு. ஜூலியா என்று பதிவு செய்யப்பட்ட குழந்தையை வீட்டில் இவ்வாறு அழைப்பது தொடர்கிறது. சில வேளைகளில் இந்த வரிசை தலைகீழாகவும் நிகழ்ந்திருக்கிறது: அல்ஃபா ரோமியோ நிறுவனம் தன் சிறிய காருக்கு 1954-இல் முதலில் சூட்டியது ஜூலியெத்தா என்னும் பெயரையே, அதைவிடப் பெரிய காரைக் கொண்டுவந்த 1962-இல்தான் ஜூலியா என்று பெயரிட்டது.