மறு: செல்ஃபிஷ் ஸ்பெர்மட்டோகோனியல் செலக்‌ஷன் - 'தன்னல விந்தணுத் தேர்வு' பொருந்துமா?

> செல்ஃபிஷ் என்றால் தன்னலம், செலக்‌ஷன் என்றால் தேர்வு. 'தன்னல விந்தணுத் தேர்வு' என்று வைத்துவிடலாமே? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

வணக்கம் ஐயா.

விந்தை உண்டாக்கும் மூலச்செல்களில் (ஸ்பெர்மட்டோகோனியா) ஒன்று, மரபணு மாற்றத்தால் மற்றவற்றை மிஞ்சிப் பெருகுவதற்கு வைத்த பெயர் இது. உங்கள் பெயர் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதுதான். உள்ளே நடப்பதோடு பொருந்தவில்லை என்பதுதான் என் சிக்கல். ஆக்ஸ்ஃபோர்டில் மரபியல் ஆய்வாளர்களான ஆன் கோரியெலியும் ஆண்ட்ரூ வில்க்கியும் இப்படி ஒரு பெயருக்கு ஏன் போனார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம்.

அவர்கள் துருவியது அப்பெர்ட் நோய். குழந்தையின் மண்டையோட்டுப் பொருத்துகள் காலத்துக்கு முன்பே இறுகிவிடும்; கைவிரல்களும் கால்விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சுமார் 65,000 பிறப்புகளில் ஒன்று என்பார்கள். பெரும்பாலும் அப்பா, அம்மா இருவருக்கும் நோய் இருக்காது. சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் நேரும் மாற்றம், குழந்தையில் புதிதாக வந்திருக்கும். அதுவும் எங்கெங்கோ அல்ல. எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணுவில், 252, 253 என்று பக்கத்துப் பக்கத்து இரண்டு அமினோ அமிலங்களில் ஏதோ ஒன்று மாறியிருக்கும். ஏறக்குறைய எல்லா நோயாளிகளுக்கும் இதே இடம்தான். 1996இல் 57 பேரிடம் அது யார் வழியாக வந்தது என்று சோதித்தார்கள். 57ம் அப்பா வழி.

வழக்கமான விளக்கம் நம் எல்லாருக்கும் தெரியும். விந்தை உண்டாக்கும் மூலச்செல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 23 தடவை பிரிகின்றன, வயது ஏற ஏறப் படியெடுப்புப் பிழையும் சேர்கிறது. சரி, ஆனால் கணக்கு உதைக்கிறதே! அப்பாவின் வயதில் ஓர் ஆண்டு கூடினால் குழந்தையின் மொத்த மரபுத்தொகுதியிலும் கூடும் புதிய மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு. அப்பெர்ட்டை உண்டாக்கும் அந்த ஒரேயொரு டிஎன்ஏ எழுத்தோ எதிர்பார்ப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கூடுதலாக மாறியிருக்கிறது.

2003இல் கோரியெலி குழு ஆண்களின் விந்தணுக்களிலேயே அந்த எழுத்தை நேரடியாக எண்ணியது. இங்கேதான் அழகான ஒரு கேள்வி. எஃப்ஜிஎஃப்ஆர்2 ஒவ்வொருவருக்கும் இரண்டு படி இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பிழை திரும்பத் திரும்ப நேர்ந்திருந்தால் இரண்டு படியிலும் ஏறக்குறையச் சமமாக விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை, மாற்றம் மிகுந்திருந்த ஆண்களிடம் அது ஒரு படியின் பக்கமே சாய்ந்திருந்தது. அப்படியானால் பிழை நேர்ந்தது எப்போதோ அரிதாகத்தான். நேர்ந்த செல்தான் பிறகு பல்கிப் பெருகியிருக்கிறது. பின்னால் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆர்ன்ஹைம் குழு ஒரு விந்தகத்தை 192 துண்டுகளாக அறுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான துண்டுகளில் மாற்றம் கிட்டத்தட்ட இல்லை, சில துண்டுகளில் மட்டும் குவிந்து கிடந்தது. நெல் வயலில் அங்கங்கே திட்டாகக் கோரை பிடித்த மாதிரி.

எனவே 'விந்தணுத் தேர்வு' சரிவராது. போட்டி நடப்பது விந்தணுக்களுக்குள் அல்ல, அவை உருவாவதற்கு முன்பே மூலச்செல்களுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. 'விந்தணுத் தேர்வு' என்று படித்தால் முட்டையை நோக்கி நீந்தும் பந்தயம்தான் கண்ணில் நிற்கும்.

'தன்னலம்' அதைவிட மோசம். மரபணு ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம், "உங்கள் விந்தகத்தில் தன்னலத் தேர்வு நடந்திருக்கிறது" என்று ஒரு மருத்துவர் சொல்வதை நினைத்துப் பாருங்கள். அவர் எதுவும் செய்யவில்லை. விந்தணு எண்ணிக்கை இயல்பாக இருக்கும், குழந்தைப் பேற்றில் குறை இருக்காது. வழக்கமான விந்துப் பரிசோதனையில் இது தெரியவும் தெரியாது. தாமதமாகக் கல்யாணம் பண்ணியதற்கு ஏற்கெனவே வீட்டில் பேச்சு வாங்கியிருப்பார், நாம் வேறு எதற்கு?

என் பரிந்துரை: 'விந்துமூலச்செல் மேலோங்கல்'.

அன்புடன்.

---

> என் பரிந்துரை: 'விந்துமூலச்செல் மேலோங்கல்'.

அம்மா, விளக்கத்துக்கு நன்றி. விந்தணுவை எடுத்துவிடலாம். ஆனால் 'ஓங்கு' நம் பாடநூல்களில் டாமினன்ட்டுக்குப் போய்விட்டது: ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. அப்பெர்ட்டே ஓங்கு நோய். ஒரே பத்தியில் இரண்டு ஓங்கலையும் வைத்தால் மாணவர் திண்டாடிப் போவார். வெறும் 'பெருக்கம்' என்றாலும் போதாது. செல் எண்ணிக்கை கூடுவதெல்லாம் பெருக்கம்தான்.

'தேர்வு' என்ற உறுப்பை நான் விட மாட்டேன். இயற்கைத் தேர்வோடு உள்ள உறவு அதில்தான் தெரிகிறது. இலங்கை நண்பர்கள் 'தெரிவு' என்பார்கள். பரீட்சைக் குழப்பம் வராது என்பதால் எனக்கும் அதில் ஒரு கண் உண்டு. அதைத் தனி இழையில் பேசலாம்.

தன்னலத்திலிருந்து நலத்தை மட்டும் கழற்றிவிடுங்கள். 'தன்பெருக்குத் தேர்வு'. தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதால் தேர்வாகிறது, அவ்வளவுதான். யார்மேலும் பழி இல்லை.

---

ஐயா, 'தன்பெருக்குத் தேர்வு' எனக்குச் சம்மதம். செல்லை முன்னால் போட்டு 'விந்துமூலச்செல் தன்பெருக்குத் தேர்வு' என்றால் முழுப் பெயர். நீளம்தான், ஆனால் ஆங்கிலத்தில் மட்டும் குட்டையா என்ன?

இன்னொரு வசதியும் இருக்கிறது. இது அப்பெர்ட்டோடு நிற்கவில்லை. எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணுவால் வரும் அகாண்ட்ரோப்ளேசியா என்ற குள்ளத்தன்மை, நூனன், காஸ்டெல்லோ என்ற பிறவி நோய்கள் எல்லாம் இதே வழியில்தான். அவற்றின் மரபணுக்கள் செல் வளர்ச்சிக்கான சமிக்ஞைப் பாதையில் இருப்பவை. மாற்றம் அந்தப் பாதையை முடுக்கிவிடுகிறது. மூலச்செல்லுக்கு ஆதாயமாக இருக்கும் அதே முடுக்கம் கருவில் எலும்பையும் இதயத்தையும் கெடுக்கிறது. வயதான ஆண்களின் விந்தகத்தில் அரிதாக வரும் ஒருவகைக் கட்டியிலும் எஃப்ஜிஎஃப்ஆர்3, எச்ராஸ் மரபணுக்களின் மாற்றங்களைக் கண்டிருக்கிறார்கள். 'தன்பெருக்கு' அங்கேயும் இடறாமல் நிற்கும்.

அப்பாவின் வயதோடு இந்த மாற்றங்கள் கூடுவதைக் குறிக்கும் பேட்டர்னல் ஏஜ் எஃபெக்டுக்கு 'தந்தை வயது விளைவு' போதும், அதில் விவாதிக்க ஒன்றும் இல்லை. 'பாதிப்பு' மட்டும் வேண்டாம்.

வேறு மறுப்பு இல்லையென்றால் இரண்டையும் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையில் புதிதாக வரும் டி நோவோ மியூட்டேஷனுக்கு யாராவது புது இழை தொடங்குங்கள். 'புதுச் சடுதிமாற்றம்' என்று எழுதி ஒருவர் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறார்.